குழாய் குடித்த டீசல்

எங்கள் தெருவில் வழி சொல்லும்போது இன்றைக்கும் "டீசல்காரர் வூட்டுக்கு அடுத்த வூடு" என்றுதான் சொல்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், யாரோ பங்க் வைத்திருந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். பழைய ஆட்களுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரியும். பீங்கான் கம்பெனியில் என் அப்பா டீசல் திருடினார் என்று ஊர் தீர்ப்பு எழுதியது. பிறகு வயதுக்கு மரியாதை கொடுத்து, 'திருடன்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை எங்களுக்கே விட்டுவிட்டது.

அவர் திருடவில்லை. பிள்ளைப் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தவன். மெட்ராஸில் மேல்படிப்பு படித்தபோது, குழாய்களில் நிலையில்லாமல் ஓடுகிற வாயுவின் போக்கை எந்தக் கணக்கு முறையால் சரியாகச் சொல்ல முடியும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சி எனக்குப் பட்டம் கொடுத்தது. அப்பாவுக்கு என்ன கொடுத்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளில் எங்கள் ஊரான விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்பா வேலை பார்த்தது அவற்றில் நடுத்தரமான ஒன்றில். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பிள்ளையார் பொம்மை என்று எது விலைபோகுமோ அதைச் செய்கிற கம்பெனி. கரண்டு போனாலும் மண் அரைக்கிற மில்லும் சூளைக்குக் காற்று ஊதுகிற விசிறியும் நிற்கக் கூடாது. அதற்காகத் தனி ஷெட்டில் இரண்டு டீசல் இன்ஜின்கள் இருந்தன. அந்த ஷெட்டுக்கு டிரைவர், கிளீனர், பூசாரி எல்லாம் அப்பாதான்.

மழைக்காலம் வந்தால் பீங்கான் கம்பெனிகளுக்குச் சனி பிடிக்கும். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மை காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காய வைக்கிற கொட்டகை முழுக்க ஈரப் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்போது அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. இன்ஜின் புகை கூரைக்கு மேலே வீணாகப் போகிறதே, அந்தச் சூட்டை ஒரு நீளக் குழாயில் கொட்டகைக்குள் கொண்டுபோனால் என்ன? மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டிவந்து, பலகைத் தட்டுகளுக்கு அடியில் இரும்புக் குழாய் ஓட்டி, அந்தக் கோடியில் கொட்டகைக்கு வெளியே வாயைத் திறந்துவிட்டார். பொம்மைகள் காய்ந்தன. அடுத்த ஆயுதபூஜைக்கு முதலாளி எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு அவருக்கு வேட்டி துண்டு கொடுத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். "ஒண்ணுக்கே இவ்ளோ சூடுன்னா, ரெண்டையும் உட்டா எப்பிடி இருக்கும்?" என்று அடுத்த மழைக்கு முன்னால் இரண்டாவது இன்ஜினின் புகையையும் அதே குழாயில் சேர்த்துவிட்டார். கொட்டகை வெயிலடித்த மாதிரி ஆகிவிட்டது. வெளியூர் ஆட்கள் வந்தால் முதலாளி முதலில் காட்டுவது அந்தக் குழாயைத்தான். "நம்ம டிரைவரு மூளை" என்பார். அப்பா அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். புகைக்குழாயைத் துணியால் துடைத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பிறகு கரண்டு கட் அதிகமானது. டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பேரலை வண்டியில் போட்டுக்கொண்டு பங்க் வாசலில் காத்துக்கிடக்கிற காலம். அதுவரை யாரும் டீசலை உற்றுப் பார்க்கவில்லை. தட்டுப்பாடு வந்ததும் முதலாளியே பேரலில் குச்சி விட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அதே நேரம் ஓடியும், முன்பு குடித்ததைவிட இன்ஜின்கள் அதிகமாகக் குடித்தன. நடுநடுவே கருப்புப் புகை வேறு. அப்பா டீசல் தெளிக்கிற நாசிலைக் கழற்றிப் பார்த்தார், வால்வைத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

கடலூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். பெரிய கெட்டிக்காரர். ஒரு இன்ஜினின் சத்தம் மற்றதில் கலக்கக் கூடாது என்று ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைக் கேட்டார். பிறகு அதை நிறுத்திவிட்டு இதைக் கேட்டார். இரண்டும் ஒரு பிசிறு இல்லாமல் ஓடின. "இன்ஜின்ல ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டு, பஸ் ஏறிப் போனார். இன்ஜினில் குறை இல்லை என்றால் மனிதனிடம்தானே இருக்க வேண்டும்.

அந்தப் பொங்கலுக்கு நான் மெட்ராஸிலிருந்து வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். வேலை நேரத்தில் அவரை வீட்டில் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. எதுவும் கேட்காதே என்று அம்மா அடுப்படியிலிருந்து கையைக் காட்டினாள். அவரே சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. மொதலாளி கோவமால்லாம் சொல்லல. தோள்ல கைய வெச்சித்தான் சொன்னாரு."

அந்தக் கையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஊர் அதற்குள் வேலையை முடித்திருந்தது. வேப்பூரில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் லாரிக்காரர்களுக்கு டீசல் விற்கிறாராம். சேத்தியாத்தோப்பில் நெல் நடுகிற சமயத்தில் பம்புசெட்டுக்குக் கொடுத்தாராம். மெட்ராஸில் மகன் படிக்கிறானே, பின்னே எப்படி? கடைசிக் கேள்வி என்னைப் பார்த்தே கேட்கப்பட்டது, டீக்கடையில், சிரித்துக்கொண்டே. நான் ஸ்காலர்ஷிப்பில் படித்தேன் என்பதைக் கேட்டவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு டீசல் கதை வந்திருக்கும்.

இப்போது என் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், சமன்பாடு எழுதப்போவதில்லை.

இன்ஜினிலிருந்து புகை ஆற்றுத் தண்ணீர் மாதிரி சீராக வருவதில்லை. வால்வு திறக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு அடி. அந்த அடி குழாய்க்குள் அலையாக ஓடுகிறது. வாய் திறந்திருந்தாலும் கோடியில் போய் முட்டித் திரும்புகிறது. வழியில் வேறு அலையைச் சந்தித்தால் கூடுகிறது அல்லது குறைகிறது. எந்த இடத்தில் எந்த நொடியில் எவ்வளவு அழுத்தம் என்பதற்கான சமன்பாடுகளை நேராக அவிழ்க்க முடியாது. எண்களை வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக நெருங்க வேண்டும். நெருங்குவதற்குப் பல வழிகள் உண்டு. எந்த வழி எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்ப்பதுதான் ஒப்பீடு.

ஒன்றை நான் கோட்டு முறை என்று சொல்வேன். கிராஃப் தாளில் ஒரு பக்கம் தூரம், ஒரு பக்கம் நேரம். முன்னால் போகிற அலைக்கு ஒரு சாய்வுக் கோடு, திரும்பி வருகிற அலைக்கு ஒரு சாய்வுக் கோடு. இரண்டும் வெட்டுகிற புள்ளியில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், பிறகு அடுத்த புள்ளி. அலையின் பின்னாலேயே நடந்துபோகிற வேலை. முதுகு ஒடியும், கண் போகும், ஆனால் அலை எங்கே போகிறதோ அங்கேயே நாமும் போவோம்.

மற்றது கட்ட முறை. குழாயைச் சமமான கட்டங்களாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு கட்டத்தின் அடுத்த நிலை என்ன? இந்தப் பக்கத்துக் கட்டத்தில் பாதி, அந்தப் பக்கத்துக் கட்டத்தில் பாதி, அதோடு சின்னதாக ஒரு திருத்தம். அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. கணக்கு எங்கேயும் கவிழாது, விடை வழவழப்பாக வரும். ஆனால் ஒவ்வொரு படியிலும் பாதி பாதியாகக் கலந்துகொண்டே போவதால் கூரான அலை கரைந்து கரைந்து, கடைசியில் யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு மேடாகிவிடும். கட்ட முறையிலேயே இன்னொரு வகை உண்டு. அது அலையின் தலையை ஒழுங்காகக் காட்டும், அதன் பின்னால் இல்லாத நெளிவுகளையும் சேர்த்துக் காட்டும்.

எங்கள் ஊருக்கு இரண்டு வகையும் தெரிந்திருந்தது. எதிர் வீட்டில் கேட்டதில் பாதி, பக்கத்து வீட்டில் கேட்டதில் பாதி, தன் பங்குக்கு ஒரு நெளிவு. விடை எங்கேயும் கவிழாமல் வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழாய் வேண்டும். புத்தகத்தில் இருக்கிற குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் புரொபசர். நான் அந்தப் பொங்கல் லீவில் அப்பாவிடம் கொட்டகைக் குழாயின் அளவுகளைக் கேட்டேன். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பிறகு அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நீளம், விட்டம், வளைவு, இரண்டாவது இன்ஜின் சேருகிற இடம் என்று எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படமாகப் போட்டுக் கொடுத்தார். "பொஸ்தகத்துல வருமாடா நம்ம கொழாய்?" என்று கேட்டார். வரும் என்றேன்.

மெட்ராஸில் முதலில் கம்ப்யூட்டரில்தான் போட்டேன். அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, நம் முறை வரும்வரை தவம் கிடக்க வேண்டும். அச்சடித்த தாள் வந்தது. குழாயில் ஒரு தொந்தரவும் இல்லை. சின்னச் சின்ன மேடுகள், அவ்வளவுதான். கடலூர் மெக்கானிக் இங்கிலீஷில் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தத் தாள்.

பிறகு கோட்டு முறையில் கையால் போட்டேன். ஹாஸ்டல் அறைத் தரை முழுக்க கிராஃப் தாளை ஒட்டி, மண்டி போட்டுக்கொண்டு, ஸ்லைடு ரூலும் கையுமாக. ஒரு இன்ஜின் மட்டும் ஓடும்போது பிரச்சினை இல்லை. இரண்டும் ஓடும்போதுதான் வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம், ஆனால் அச்சாக ஒரே வேகம் இல்லை. அதனால் ஒன்றின் அடியும் மற்றதன் அடியும் மெல்ல மெல்ல நகர்ந்து, அவ்வப்போது ஒரு கெட்ட இடத்தில் வந்து பொருந்தின. ஒரு இன்ஜின் தன் புகையை வெளியே தள்ளுகிற நேரத்தில் மற்ற இன்ஜினின் அலை எதிரே வந்து முட்டியது. பழைய புகை உள்ளேயே தங்கினால் புதுக் காற்றுக்கு இடம் ஏது? காற்று குறைந்தால் இன்ஜின் திணறும். திணறினால் வேகத்தைக் காக்கிற கவர்னர் இன்னும் டீசலைத் திறந்துவிடும். கருப்புப் புகை வரும். சற்று நேரத்தில் பொருத்தம் கலைந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும்.

டீசலைக் குடித்தது குழாய். தரையில் மண்டி போட்டபடியே நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

புரொபசர் இரண்டு விடைகளையும் பார்த்தார். "கையால போட்டது மனுஷன் போட்டது. தப்பு இருக்கும். மெஷின்ல வந்ததை வெச்சு எழுது" என்றார். கட்டங்களை இன்னும் சின்னதாக வெட்டினால் தெரிந்துவிடும் என்றேன். கம்ப்யூட்டர் நேரம் என்ன உன் வீட்டுச் சொத்தா என்று கேட்டார். மானத்தை விட்டுக் கெஞ்சித்தான் வாங்கினேன். கட்டங்களைச் சிறிதாக்கினேன், மேடு கூர்ந்தது. இன்னும் சிறிதாக்கினேன், இன்னும் கூர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அது என் தரைத்தாளில் இருந்த அலையை நோக்கி வந்தது. கட்டம் பெரிதாக இருந்தால் குற்றவாளி தப்பித்துவிடுவான் என்பதுதான் என் ஆராய்ச்சியின் முடிவு. ஆய்வேட்டில் இதைவிட மரியாதையான வார்த்தைகளில் எழுதினேன்.

முதல் ரயிலைப் பிடித்து ஊருக்கு ஓடினேன். அப்பாவின் முன்னால் தாள்களை விரித்து, இன்ஜின் எது, அலை எது, எங்கே முட்டுகிறது என்று எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் தாள்களை அவரே மடித்து என்னிடம் கொடுத்தார்.

"அப்ப நான் திருடன் இல்ல" என்றார்.

"இல்லப்பா."

"முட்டாளு. ரெண்டாவது இன்ஜினை அதுல சேத்தது நான்தானே? யாரும் சேக்கச் சொல்லலியே. கம்பெனி டீசலை நான் திருடல, கொழாய் வெச்சி எரிச்சிட்டேன். அதானே உன் கணக்கு?"

இத்தனை தாள்களில் இந்த ஒரு வரி எனக்குத் தோன்றவே இல்லை.

"இதை மொதலாளிகிட்ட சொல்லாத. அந்தக் கொழாயை வெச்சித்தான் அந்தக் கம்பெனியில என்னை மனுஷனா மதிச்சாங்க" என்றார்.

அம்மாதான் என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள். "அவரு கெடக்குறாரு. கோயிலுக்குப் போனா பொம்பளைங்க நவுந்து உக்கார்றாங்கடா. முட்டாளுன்னு பேரு வந்தா வரட்டும், அந்தப் பேரு போவட்டும். நீ போய்ச் சொல்லிட்டு வா."

போய்ச் சொன்னேன். முதலாளி டீ வரவழைத்துக் கொடுத்தார். கிராஃப் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப அந்த ரெண்டாவதைத் தனியா அறுத்து உட்டுட்டா டீசல் கம்மியாவுமா தம்பி?"

"கட்டாயம் கம்மியாவுங்க. அப்பாவை எப்ப வரச் சொல்லட்டுங்க?"

"பாக்கலாம். சொல்லி அனுப்புறேன்" என்றார். என் தோளிலும் கையை வைத்தார்.

சொல்லி அனுப்பவே இல்லை. பெண்ணாடத்திலிருந்து ஒரு புது டிரைவரை ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அந்த ஆள் வந்து சேர்ந்த வாரமே வெல்டர் வந்து குழாயை அறுத்தான். இரண்டாவது இன்ஜினின் புகை பழையபடி கூரை வழியாகப் போயிற்று. டீசல் குறைந்தது. நான் சொன்ன மாதிரியே, கட்டாயமாகக் குறைந்தது.

குழாய் அறுபட்டது கம்பெனிக்கு உள்ளே. டிரைவர் மாறியது ஊருக்கே தெரியும். டீசல் குறைந்ததும் ஊருக்கே தெரியும், ஏனென்றால் முதலாளியே போகிற இடத்தில் எல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்ன கணக்கு வேண்டியிருக்கிறது? பழைய ஆள் போனான், டீசல் காணாமல் போவது நின்றது. அதுவரை ஏதோ சந்தேகம் என்று வாயை மூடிக்கொண்டிருந்த நல்லவர்கள்கூட அதற்குப் பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

மறுபடியும் முதலாளியிடம் போனேன். டீ இல்லை. நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டேன். "நான் யார்கிட்டயாவது உங்கப்பாவைத் திருடன்னு சொன்னேனா? சொல்லல இல்ல? சொல்லாததை எப்பிடித் தம்பி இல்லன்னு சொல்றது?" என்றார். வழவழப்பான விடை. எங்கேயும் கவிழவில்லை.

புரொபசருக்கு மட்டும் பரம சந்தோஷம். குழாயை அறுத்ததும் டீசல் குறைந்தது என்பது என் கணக்குக்கு நேரடி நிரூபணம் என்று சொல்லி, அதை ஆய்வேட்டில் தனியாக ஒரு பகுதியாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். எந்த உண்மை மெட்ராஸில் என்னைக் கெட்டிக்காரன் ஆக்கியதோ, அதே உண்மைதான் விருத்தாசலத்தில் என் அப்பாவைத் திருடன் ஆக்கியது.

பட்டம் வாங்கிக்கொண்டு, பைண்டு செய்த ஆய்வேட்டோடு வந்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து நிறுத்தினார். காலண்டர் தாளில் அவர் போட்டுக் கொடுத்த அதே வளைவு, அதே சேருமிடம், சுத்தமாக மையில் வரைந்திருந்தது.

"நம்ம கொழாய்" என்றார். விரலால் ஒருமுறை நீளவாக்கில் தடவினார். "நல்லா போட்டிருக்க."

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "உன் கணக்கு சரிதாண்டா. நான் தப்பு சொல்லல" என்றார். "ஆனா நீ அதைப் போடாம இருந்திருந்தா கொழாய் அப்படியே இருந்திருக்கும். புது ஆளு வந்தும் டீசல் அதேமாரி போயிருக்கும். அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், நான் எடுக்கலன்னு."

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் ஆய்வேட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.